பூவரசந்தாங்கலில் மாதாந்திர வெள்ளம்

பூவரசந்தாங்கலில் வெள்ளம் வந்தது கத்திரி வெயிலில்தான். காலையிலேயே வரவேண்டியது. விழுப்புரத்திலிருந்து இணை இயக்குநர் கிளம்பத் தாமதமானதால் வெள்ளமும் தாமதமாகி, உச்சி வெயிலில்தான் ஊருக்குள் நுழைந்தது. இரண்டு டேங்கர் லாரிகளில் ஏறி வந்த அந்த வெள்ளத்துக்கு வாழைமரம் கட்டி, மேளம் வைத்து வரவேற்பு கொடுத்தார்கள்.

வெள்ளத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் அளவுக்கு நாடு முன்னேறிய கதை இது. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில், கூட்டேரிப்பட்டு தாண்டி உள்ளே திரும்பினால் பூவரசந்தாங்கல். மேட்டில் மேலத்தெரு. நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற நிலக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். பள்ளத்தில் கீழத்தெரு. அந்த நிலங்களில் நடவு நடுகிறவர்களும், திண்டிவனத்துக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இங்கே. ஊருக்கு ஒரு ஏரி. ஏரி நிரம்பி வழிவதை எங்கள் பக்கத்தில் 'கோடி போகிறது' என்போம். வழிகிற தண்ணீர் போவதற்கு ஒரு கோடி வாய்க்கால் உண்டு. கீழத்தெருவை உரசிக்கொண்டு போகும் அந்த வாய்க்காலின் கரையில் முதல் வீடு கொத்தனார் சகாயராஜுடையது.

முந்தின வருஷத்துக் கார்த்திகைப் புயலில் ஏரி கோடி போயிற்று. வாய்க்காலில் சீமைக்கருவேலம் மண்டி, மண் மேடிட்டுக் கிடந்தது. தண்ணீர் வேறு வழியில்லாமல் கீழத்தெருவுக்குள் புகுந்தது. சகாயராஜும் அவன் மனைவி புனிதாவும் மாதா கோயில் மாடியில் ஏறி நின்றார்கள். புனிதா வளர்த்த ஆடுகளுக்கு ஏறத் தெரியவில்லை. வீட்டின் பின்சுவர் ஊறிச் சரிந்தது. அதைச் சகாயராஜே பழைய செங்கல்லை வைத்து மறுபடி எழுப்பினான். இன்னொரு வெள்ளம் உள்ளே வந்தால் அந்த வீடு நிற்காது. கட்டினவன் அவனாதலால் இதில் அவனுக்குச் சந்தேகம் கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் மாவட்டக் காலநிலைத் தாங்குதிறன் முகமை ஊருக்கு வந்தது. இப்படி ஒரு அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாரும் தேடிக்கொண்டு போகவேண்டாம். இது கதை. முகமையின் இணை இயக்குநர் ஜெகதீசன் முதல் கூட்டத்திலேயே மனம் திறந்து பேசினார். "மாவட்டத்துல எத்தனையோ ஊர் பாதிக்கப்பட்டிருக்கு. ஏன் பூவரசந்தாங்கல்னு கேப்பீங்க. நெடுஞ்சாலைக்குப் பக்கம், வண்டி திருப்ப இடம், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். இவ்வளவு தகுதியும் ஒண்ணா அமைஞ்ச ஊர் வேற கிடைக்கலைங்க." ஊரார் தங்கள் தகுதியை நினைத்துக் கைதட்டினார்கள்.

ஊர் வரைபடத்தை ஊர்மக்களே வரைய வேண்டும் என்பது திட்டத்தின் விதி. முகமையின் களப்பொறுப்பாளர் அன்புச்செல்வன், கழுத்தில் அடையாள அட்டை ஊசலாட, பள்ளிக்கூட மைதானத்தில் பொட்டலம் பொட்டலமாகக் கலர் கோலமாவைக் கொடுத்தார். பெண்கள் தரையில் தெருவையும் கோயிலையும் ஏரியையும் போட்டார்கள். சகாயராஜ் நீலப்பொடியை வாங்கி, கோடி வாய்க்காலைத் தன் கையால் வளைவு நெளிவோடு போட்டான். அடைப்பு இருக்கும் இடத்தில் செங்கல் தூளைத் தூவினான். எழுந்து நின்று, இதை மட்டும் தூர்வாரிக் கொடுத்துவிட்டால் போதும், எங்களுக்கு வேறொன்றும் வேண்டாம் என்றான்.

வரைபடத்தைப் பாராட்டுவதற்காக ஜெகதீசன் அதன் நடுவில் வந்து நின்றார். நின்ற இடம் வாய்க்கால்.

"நல்ல கோரிக்கை" என்றார். "ஆனா வாய்க்கா எங்க துறையில வராது. முள்ளுமரம் இன்னொரு துறை. மண்ணு மூணாவது துறை. நாங்க வெள்ளத்தைத் தடுக்கிற துறை இல்லைங்க. வெள்ளத்தைத் தாங்கிக்கிறது எப்படின்னு உங்களுக்குக் கத்துக் குடுக்கிற துறை. வெள்ளமே வரலைன்னா அப்புறம் நீங்க எதைத் தாங்குவீங்க?"

உள்ளூர் அறிவை மதிக்கவேண்டும் என்று திட்டத்தில் இருந்தபடியால் சகாயராஜுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். வாய்க்கால் ஜெகதீசனின் காலணியில் ஒட்டிக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் போயிற்று.

வீட்டுக்கு வந்தவனிடம் புனிதா வாய்க்கால் என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவன் சால்வையைக் காட்டினான். அவள் அதை வாங்கி ஒளியில் பிடித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் நின்ற முருங்கை மரம் முழுசாகத் தெரிந்தது.

திட்டத்தின் முதல் கட்டம் ஒரு மேடை. நம் மாவட்டத்தில் மேடை இல்லாமல் ஒரு மரக்கன்றுகூட மண்ணில் இறங்குவதில்லை என்பதால் இதை யாரும் வியப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வியப்பு இடம் பார்த்தபோதுதான் வந்தது. ஊரில் ஆக்கிரமிப்பு இல்லாமல் காலியாகக் கிடந்த அரசு நிலம் கோடி வாய்க்கால் ஒன்றுதான். அதிலும் ஏற்கெனவே பள்ளமாக இருப்பதால் அடித்தளத்துக்குத் தோண்டும் வேலை மிச்சம் என்று முகமை கண்டுபிடித்திருந்தது.

மேடை கட்டும் கொத்து வேலைக்குச் சகாயராஜைத்தான் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றால் திண்டிவனத்திலிருந்து வேறொருவன் வந்து கட்டிவிட்டுப் போவான், கூலியும் போகும். ஆகவே கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அன்புச்செல்வனிடம் முறையிட்டான்.

"தம்பி, இது தண்ணி போற வழி. இதுல மேடைய நிறுத்திட்டா ஏரித்தண்ணி என் வூட்டுக்குள்ளாறதான் போவும்."

அன்புச்செல்வன் கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்தி, "எனக்கும் தெரியுதுண்ணே" என்றார். "போட்டோவுல மேடையும் வரணும், வெள்ளமும் வரணும்னு சார் சொல்லிட்டாரு. வேற எங்க கட்டுனாலும் ரெண்டும் ஒண்ணா வராது."

மேடை எழும்பியது. ஒப்பந்தக்காரர் ஜல்லியும் மணலும் தாராளமாகக் கொட்டினார். சிமெண்டை மட்டும் கோயில் விபூதிபோல் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தார். மேடைக்குப் பக்கத்தில், சகாயராஜ் வீட்டு வாசலிலேயே, ஒரு கம்பத்தில் சைரன் பொருத்தினார்கள். ஆபத்தில் முதலில் மூழ்கப் போகிறவர் என்ற தகுதியின் பேரில் சகாயராஜே சைரன் பொறுப்பாளரானான். ஆரஞ்சு நிறச் சட்டையும் ஒரு விசிலும் இன்னொரு சால்வையும் கிடைத்தன. சைரன் ஒலித்தால் ஊரே குழந்தை குட்டிகளோடு மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் நடந்தது.

பாடம் முடிந்தால் பரீட்சை வேண்டுமல்லவா. அதுதான் அந்தக் கத்திரி வெயில் ஒத்திகை.

மேடைக்கு முன்னால் வாய்க்காலில் தார்ப்பாய் விரித்து, வெள்ளம் நிற்கத் தொட்டி செய்தார்கள். ரப்பர் படகு வந்தது. நடிப்பு இயல்பாக இருக்கவேண்டும் என்பதால் நிஜமாகவே பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் வேஷம் கொடுத்தார்கள். சகாயராஜ், மயங்கிய நிலையில் மீட்கப்படுபவர். புனிதா, கதறும் உறவினர்.

புனிதா கதற மறுத்துவிட்டாள். "போன வருசம் நெசமாவே கதறுனேன், ஒருத்தரும் வரல. இப்ப இத்தினி பேரு வந்து நிக்கறப்ப நான் இன்னாத்துக்குக் கதறணும்?" என்று அன்புச்செல்வனைக் கேட்டாள். அவர் யோசித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றால் போதும் என்று ஒப்பந்தத்துக்கு வந்தார்.

இணை இயக்குநர் கையசைத்தார். சைரன் அலறியது. டேங்கர்களின் வாய் திறந்து வெள்ளம் பாய்ந்தது.

முகமை ஒரு விஷயத்தை விசாரிக்கவில்லை. ஊர் ஆழ்துளைக் கிணறு வற்றி, அந்த மாதம் முழுக்கக் குழாயில் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. சைரன் சத்தத்துக்கு எட்டிப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது, வெள்ளையாய் நுரைத்துக் கொட்டும் நல்ல தண்ணீர். பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டிய ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடிவந்தது. முதல் குடம் ஊராட்சித் தலைவர் அம்சவள்ளியுடையது. மேலத்தெரு, கீழத்தெரு என்ற வித்தியாசம் இல்லாமல், அதாவது யார் முந்தி என்ற சண்டை மட்டுமே இருக்க, வெள்ளம் கொஞ்ச நேரத்தில் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தார்ப்பாயில் ஈரம்தான் மிச்சம்.

படகு தரையில் ஒட்டிக்கொண்டது. உள்ளே மயங்கிக் கிடந்த சகாயராஜை மீட்புப் படைவீரர் குனிந்து பார்த்து, அண்ணே, கொஞ்சம் எழுந்து மேடை வரைக்கும் நடந்து வந்து மயங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். சகாயராஜ் அப்படியே செய்தான். வெயிலில் கிடந்ததில் இரண்டாவது மயக்கம் ஓரளவு உண்மையானதே.

எல்லோரும் ஜெகதீசன் முகத்தைப் பார்த்தார்கள். அவர் இருபது வருஷமாக மேடையில் இருப்பவர். மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளம் வந்தா மக்கள் ஓடுவாங்கன்னு உலகம் பூரா எழுதி வெச்சிருக்காங்க. பூவரசந்தாங்கல்ல மக்களைப் பார்த்து வெள்ளம் ஓடிடுச்சு. ஒரு சமூகம் வெள்ளத்தை முழுசா உள்வாங்கிக்கிட்டதை இன்னிக்குத்தான் பார்க்கிறோம். இதைவிடத் தாங்குதிறன் என்ன இருக்கு?"

மறுநாள் செய்தி வந்தது. அதற்கடுத்த மாதமே வேறொரு மாவட்டத்து அதிகாரிகள் இந்த அதிசயத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காக மறுபடி ஒரு வெள்ளம். பிறகு வடநாட்டிலிருந்து ஒரு குழு. பிறகு மழையே பெய்யாத ஒரு நாட்டிலிருந்து, வெள்ளத்தைச் சமாளிப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள ஒரு குழு. மாதம் தவறாமல் சைரன், மாதம் தவறாமல் டேங்கர். ஊரார் ரேஷன் கடைக்காரரிடம் சர்க்கரை எப்போது வரும் என்று கேட்பதுபோல் அன்புச்செல்வனிடம் அடுத்த வெள்ளம் எப்போது என்று கேட்டார்கள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றத் தண்ணீர் பற்றாமல், அந்த மாதத்து வெள்ளத்தை ஒரு வாரம் முன்கூட்டியே அனுப்பும்படி அம்சவள்ளி எழுத்துமூலம் வேண்டிக்கொண்டார். அம்மனை முன்னிட்டு முகமையும் இசைந்தது. கீழத்தெருவில் சாவு விழுந்தால்கூட இறங்கி வராத மேலத்தெரு, சைரனுக்கு மட்டும் குடத்தோடு இறங்கி வந்தது. சத்தம் கேட்டால் மாடுகளே தொட்டிப்பக்கம் திரும்பிப் பார்த்தன என்றால் மனிதர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஒவ்வொரு குழு வரும்போதும் சகாயராஜை மேடையேற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அவன் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான்: நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேடை வாய்க்காலில் இருக்கிறது, மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் என் வீடு போய்விடும். ஒவ்வொரு முறையும் விருந்தினர்கள் உருக்கமாகத் தலையாட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். நாளடைவில் அது நிகழ்ச்சி நிரலிலேயே ஏறிவிட்டது: இறைவணக்கம், வரவேற்புரை, உள்ளூர்க் குரல், வெள்ளம், மதிய உணவு. ஒருமுறை காய்ச்சலில் இருந்த சகாயராஜ் வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு இறங்கப் போனான். அன்புச்செல்வன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்து, "அண்ணே, வாய்க்கா மேட்டரச் சொல்லவேயில்லியே" என்று நினைவூட்டினார்.

அன்று வீட்டில் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "நான் சொல்றது அவங்க காதுல வுழுதா வுழலியான்னே தெரியல புனிதா. வுழுந்தா ஏன் கைதட்டுறாங்க?"

"நல்லா சொல்றேல்ல, அதான்" என்றாள் அவள். கொடியில் வரிசையாகத் தொங்கிய சால்வைகளைப் பார்த்துவிட்டு, "இத்தப் போத்திக்கினு வெள்ளத்துல நிக்கலாம், குளுராது" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மழைக்காலம் நெருங்க நெருங்க அவள் அடிக்கடி அப்படிச் செய்துகொண்டிருந்தாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. விடாமல் பெய்தது. ஒரு காலையில் சகாயராஜ் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தான். ஏரி விளிம்புக்கு வந்து, கோடி போக ஆரம்பித்திருந்தது. வந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, மேடையில் முட்டி, வந்த வழியே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வீட்டுக்கு ஓடிவந்து ஜெகதீசனுக்குப் போன் போட்டான். இணை இயக்குநரின் அனுமதியில்லாமல் சைரனைத் தொடக்கூடாது என்பது விதி. அவர் புதுச்சேரியில் கடற்கரை ஓட்டல் ஒன்றில், வெள்ள மேலாண்மைப் பயிலரங்கில் இருந்தார்.

"இன்னிக்கு ஒத்திகை இல்லையே" என்றார்.

"ஒத்திகை இல்லீங்க சார். நெசமாவே வந்துக்கினு கீது. மேடைல முட்டி எம்பக்கம் திரும்புது. சைரன் போடட்டுங்களா?"

"நிஜ வெள்ளத்துக்கான நெறிமுறை இன்னும் வரைவுலதான்யா இருக்கு. விருந்தினர் யாரும் வராம நீயா சைரன் போட்டா நான் மேல என்ன பதில் சொல்றது? நாளைக்கு வரைக்கும் கொஞ்சம் சமாளிச்சுக்க. தாங்குதிறன்னா அதானே?"

சகாயராஜ் போனை வைத்தான். தண்ணீர் வாசற்படியை நனைத்தது. புனிதா பின்சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். அவன் ஆரஞ்சுச் சட்டையைக்கூடப் போடாமல் போய்ச் சைரனை அழுத்தினான்.

இனி நடந்தது எந்த நெறிமுறையிலும் வராது. மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடவேண்டிய ஊர், கொட்டுகிற மழையில், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் குடத்தோடு பள்ளத்தை நோக்கி ஓடிவந்தது. கீழத்தெரு வந்தது. மேலத்தெரு முழுசும் வந்தது. முன்னால் குடையும் குடமுமாக அம்சவள்ளி.

"டேங்கர் எங்கப்பா?" என்றார்.

சகாயராஜ் வானத்தைக் காட்டினான். "யம்மா, வானமே ஒடைஞ்சு ஊத்துது. இந்த மழைல டேங்கர் இன்னாத்துக்கு வரும்?"

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்திச்சு" என்று அம்சவள்ளி ஒப்புக்கொண்டார். "சத்தம் கேட்டுச்சு, காலு வந்திடுச்சு."

வந்தவர்கள் பார்த்தார்கள். கீழத்தெரு மூழ்குகிறது என்று தனியாகச் சொல்லியிருந்தால் மேலத்தெரு வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது என்றுதான் நான் சொல்வேன். தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில், மேடையில் முட்டித் திரும்பும் வெள்ளத்தில் பாதி கீழத்தெருவுக்குள்ளும், மறுபாதி தாங்கள் புதிதாய் நட்ட நெல்வயலுக்குள்ளும் போவதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அம்சவள்ளியின் வயல்தான் முதலில். அதற்குமேல் யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடப்பாரைகளும் சம்மட்டிகளும் வந்தன.

பெண்கள் காலிக் குடங்களின் வாயை இறுகக் கட்டி, பள்ளத்து வீடுகளிலிருந்த கிழங்கட்டைகளையும் பிள்ளைகளையும் அவற்றைப் பிடித்துக்கொண்டு வரச்செய்தார்கள். பிடித்து நடக்கக் கயிறு தேவைப்பட்டது. புனிதா சால்வைகளை முடிச்சுப் போட்டு நீட்டினாள். முதல் இழுப்பிலேயே அவை கிழிந்தன. பிறகு சேலைகளை முறுக்கிக் கட்டினார்கள். சேலைகள் நின்றன.

முதல் அடியிலேயே மேடையின் ஒரு மூலை உதிர்ந்தது. இரண்டாவது அடிக்குப் பக்கச் சுவர் சரிந்தது. நின்று கட்டிய சகாயராஜே அசந்துபோனான். சிமெண்டைக் கிள்ளிப் போட்ட ஒப்பந்தக்காரரின் குலம் தழைக்கவேண்டும் என்று மழையில் நனைந்தபடி ஒரு பெரியவர் மனமார வாழ்த்தினார். அரசு வேலையில் நடந்த முறைகேடு ஒரு ஊரைக் காப்பாற்றியது எனக்குத் தெரிந்து அது ஒருமுறைதான். அடைப்பு உடைந்ததும் தண்ணீர் ஒரு பெருமூச்சோடு வாய்க்காலில் இறங்கிப் போயிற்று. சகாயராஜின் பின்சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறி நின்றது. விழவில்லை. புனிதா அதில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த அழுகையை அழுதாள். அப்போது போட்டோ எடுக்க அங்கே யாரும் இல்லை.

தரை காய்ந்த பிறகு முகமை வந்தது. கூடவே இரண்டு செய்திகளையும் அன்புச்செல்வன் கொண்டுவந்தார். அரசு மேடையைச் சேதப்படுத்தியதற்காக ஊர்மீது விசாரணை. குடம் வழியாக வெள்ளத்தை வென்ற சமூகம் என்பதற்காக அதே ஊருக்கு விருது. இரண்டும் ஒரே விழாவில் என்றார். இடிந்த மேடைக்குப் பதில் புதிய மேடைக்கு அடிக்கல்லும் அன்றைக்கே.

"எங்கப்பா கட்டப் போறீங்க?" என்று கேட்டான் சகாயராஜ்.

அன்புச்செல்வன் வேறு பக்கம் பார்த்தார். பழைய மேடையின் இடம் ஏற்கெனவே ஒப்புதல் வாங்கியது, புதிதாக வாங்க நாளாகும் என்றார்.

தை மாதத்தில், வாய்க்காலுக்குள் பந்தலும் தற்காலிகமாக ஒரு பலகை மேடையும் போட்டு விழா நடந்தது. மேலத்தெரு ஆட்கள் பெரும்பாலும் களத்தில் இருந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் சாப்பாட்டுக்காக இருந்தார்கள். ஜெகதீசன் பேசினார். அவர் வாழ்க்கையின் சிறந்த பேச்சு அதுதான் என்று பிறகு அவரே சொல்லியிருக்கிறார்.

"போன மேடை சாதாரண வெள்ளத்துக்கே விழுந்திடுச்சு. அதுல நாங்க பாடம் கத்துக்கிட்டோம். எங்க முகமை தப்பைத் திருத்திக்கத் தயங்காது. புது மேடைக்கு ஆளுயரக் காங்கிரீட். சுத்திலும் கருங்கல். இனிமே ஏரியே உடைஞ்சு வந்தாலும் சரி, புயலே வந்தாலும் சரி, இந்த மேடை தாங்கும்னு நான் உறுதி குடுக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து புனிதா எழுந்தாள். "மேடை தாங்கும். அப்ப நாங்க?"

ஜெகதீசன் முகம் கனிந்தது. "நீங்கதான் ஏற்கெனவே தாங்கிக் காட்டிட்டீங்களேம்மா" என்றார்.

அடுத்து உள்ளூர்க் குரல். சகாயராஜுக்குச் சால்வை போர்த்தி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அவன் மைக்கைப் பார்த்தான். முன்வரிசை கைதட்டத் தயாராக உட்கார்ந்திருந்ததையும் பார்த்தான். மைக்கை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு இறங்கி, பந்தலைத் தாண்டி, தன் வீட்டு வாசலில் நின்ற கம்பத்துக்குப் போய்ச் சைரனை அழுத்தினான்.

களத்திலிருந்தும் வீடுகளிலிருந்தும் ஊர் வந்தது. மேடையை இடித்த நாளுக்குப் பிறகு பழக்கம் கொஞ்சம் மாறியிருந்தது. பெண்கள் குடத்தோடு வந்தார்கள். ஆண்கள் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வந்தார்கள். வந்தவர்கள் வாய்க்காலைச் சுற்றி நின்று, எதை உடைக்கவேண்டும் என்று பார்த்தார்கள்.

ஜெகதீசன் நிகழ்ச்சி நிரலைப் புரட்டினார். "என்னய்யா இது? இப்ப வெள்ளமே இல்லையே?"

"ஒத்திகைங்க சார்" என்றான் சகாயராஜ். "நீங்க கத்துக் குடுத்ததுதான். அடுத்த வெள்ளத்துக்கு."

அம்சவள்ளி விருது வாங்கப் பட்டுச்சேலையில் வந்திருந்தார். ஒரு கணம் மேடைப்பக்கமும் ஒரு கணம் தன் வயல்பக்கமும் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? முழுவுனது என் நாத்துந்தான். ஜல்தியா வெட்டுங்க" என்றார். அடித்தளத்துக்காகத் தோண்டியிருந்த குழியிலிருந்தே மண்வெட்டிகள் ஆரம்பித்தன. குழி நீளமாயிற்று. வாய்க்கால் மெல்ல வெளியே தெரிய ஆரம்பித்தது. போட்டோக்காரர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். முன்வரிசை கைதட்டியது.

அன்புச்செல்வன் ஜெகதீசன் காதில், "சார், வாய்க்கா வேற துறை" என்றார்.

"கைதட்டுறாங்கய்யா" என்றார் ஜெகதீசன். "இப்ப நம்ம துறைதான்." எழுந்து வந்து, திட்டத்தின் இரண்டாம் கட்டமான சமூகத் தூர்வாரலைத் தொடங்கிவைப்பதாக அறிவித்து, கையிலிருந்த கத்திரிக்கோலால் ரிப்பனை வெட்டினார். யாரும் தடுக்கவில்லை. ரிப்பன்தானே.

நாலு பேர் அடிக்கல்லைப் புரட்டி எடுத்தார்கள். எங்கே போடுவது என்று கேட்டபோது புனிதா தன் வீட்டு வாசலைக் காட்டினாள். "பேரு இருக்கற பக்கம் கீழ இருக்கட்டும். துணி தொவைக்க வழவழன்னு இருக்கும்" என்றாள்.

சகாயராஜ் தோளிலிருந்த சால்வையை உருவி, இறுகச் சுருட்டி, சும்மாடாகத் தலையில் வைத்து, முதல் கூடை மண்ணை ஏற்றிக்கொண்டான். கூடை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

"பரவால்லையே" என்றாள் புனிதா. "ஒன்னாவது தாங்குதே."